சாம்பல் கழுத்துக் காகம்

எதையும் எவரையும் எடுத்த எடுப்பில் நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று காலையில் வாங்கிய பாலென்றாலும் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத்தான் தேநீரில் ஊற்றுவேன். கதவு மணி அடித்தால் முதலில் யன்னல் சீலையை விலக்கி வெளியே பார்ப்பேன். "நீங்கள் பொலிஸிலை சேந்திருக்க வேண்டிய ஆள்" என்பாள் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தக் காகத்தின் மேல் எனக்கு வந்த சந்தேகம் நியாயமானது என்று இன்றைக்கும் சொல்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் செவன் கிங்ஸில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் மாமனார் காலமான செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே எல்லாச் சடங்குகளும் முடிந்திருந்தன. சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம். போயிருக்கவே முடியாது. மனைவி அவருக்கு ஒரே பிள்ளை. ஆடி அமாவாசை வந்ததும் தகப்பனுக்காகத் தானே விரதம் இருக்கப்போவதாகச் சொன்னாள். சமைத்ததை முதலில் காகத்துக்கு வைக்கவேண்டும். காகம் தொட்டால் செத்தவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் விரதகாரர் சாப்பிடலாம்.

மாமனாருக்கும் எனக்கும் இருந்த உறவைச் சொல்லிவிடுகிறேன். அவர் புகையிலை வியாபாரி. ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து, நடு இலையை இழுத்து மணந்து பார்த்தபிறகே விலை பேசுவார் என்று ஊரில் பேச்சு. கொழும்பில் ஒரே கந்தோரில் வேலை செய்தபோது எனக்கும் அவளுக்கும் விருப்பம் ஏற்பட்டது. பெண் கேட்டு நானே நேரில் போனேன். அவர் வாசல் படலையைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடி தலையை ஒரு பக்கம் சரித்து, ஒற்றைக் கண்ணால் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நடு இலை சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. ஒரு சொல் பேசாமல் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். நாங்கள் அவர் இல்லாமலே பதிவுத் திருமணம் செய்து லண்டன் வந்து சேர்ந்தோம். பிறகு அவர் மகளோடு மட்டும் சமாதானமானார். தொலைபேசியில் என்னை ஒருநாளும் கேட்கவில்லை.

முதல் வருட ஆடி அமாவாசையன்று பின்தோட்டத்தில் இலை போட்டு, சோறு, பூசணிக்காய்க் கறி, பாவற்காய், பருப்பு, வடை எல்லாம் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றாள். நான் குசினி வாசலில் நின்றேன். காகம் ஒன்று பக்கத்து வீட்டு அன்டெனாவில் வந்து உட்கார்ந்தது. நன்றாகக் கறுத்த, பெரிய காகம். உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது. அணில் வந்தது, புறாக்கள் வந்தன, நான் கை தட்டித் துரத்தினேன். காகம் மட்டும் அசையவில்லை. தலையைச் சரித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தேநீர் போட உள்ளே போனேன். கேத்தல் கொதிக்கவும் இல்லை, யன்னலால் பார்த்தால் காகம் இலையில் நின்று சோற்றை வாரி விழுங்கிக்கொண்டிருக்கிறது.

நான் சந்தோசமாக வெளியே ஓடினேன். "சாப்பிட்டிட்டுது! வாரும், இனி நீரும் சாப்பிடும்."

அவள் முகம் விழுந்திருந்தது. "உது அண்டங்காகம். ஊர்க்காகம் இல்லை. கழுத்து சாம்பல் நிறமா இருக்கவேணும். உது கணக்கில்லை" என்றாள்.

அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு இருந்தாள். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. அவள் சொன்னதில் பிழை பிடிக்கவும் வழியில்லை. எங்கள் ஊரில் வீட்டு முற்றத்துக்கு வரும் காகத்துக்குக் கழுத்து சாம்பல்தான். முழுக் கறுப்பானது அண்டங்காகம்தான். ஆனாலும் அவள் சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ ஒன்றை மறைக்கிறாள் என்று மனம் குறுகுறுத்தது.

அடுத்த ஆடி அமாவாசைக்குள் சாம்பல் கழுத்துக் காகம் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவது என்று கறுவிக்கொண்டேன். நூலகத்தில் பறவைப் புத்தகம் எடுத்தேன். அதில் ஒன்று இருந்தது. ஜாக்டோ என்று பெயர். காகக் குடும்பம்தான். ஆள் சிறிது. பிடரியில் சாம்பல். கண் மட்டும் வெள்ளை. சந்தையில் பழைய பைனாக்குலர் ஒன்றும் வாங்கினேன். வேலையில்லாத ஞாயிறுகளில் இரண்டு பேரும் பார்க் பார்க்காக அலையத் தொடங்கினோம். செவன் கிங்ஸ் பார்க்கில் எல்லாம் கறுப்பு. வான்ஸ்டெட் பக்கம் போனோம், அங்கும் கறுப்பு. ஹெய்னால்ட் காட்டுக்குப் பல தடவை போனோம்.

காடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு குச்சி முறிந்தாலும் திரும்பிப் பார்ப்பேன். ஊரில் பற்றைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து நடந்த கால்கள், இங்கே வந்து சும்மா உலாத்து என்றால் உலாத்துமா? அவளோ வந்த இடத்தில் வேறு ஆளாகிவிட்டாள். பச்சை மரங்கொத்தி ஒன்று புல்லில் எறும்பு பொறுக்குவதை அசையாமல் நின்று பார்த்தாள். குளத்தங்கரைக் கொக்குக்கு முன்னால் அரை மணித்தியாலம் குந்தியிருந்தாள். "காகத்தைத் தேட வந்தனாங்கள்" என்று நான் ஞாபகப்படுத்தினால், "வரட்டும், வரேக்கை வரும்" என்பாள். காகத்தில் இவளுக்கு அவ்வளவு அக்கறை இல்லையோ என்று அதுவும் எனக்கு ஒரு சந்தேகம்.

மற்றவர்கள் எங்களைச் சந்தேகித்ததையும் சொல்லவேண்டும். ஒருநாள் நான் மரத்து உச்சியை பைனாக்குலரால் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயோடு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி நின்று, என்னைப் பார்த்து, நான் பார்க்கும் திசையில் இருந்த வீடுகளின் யன்னல்களைப் பார்த்து, திரும்பவும் என்னைப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றிலிருந்து ஆட்கள் வந்தால் பைனாக்குலரை மனைவியின் கழுத்தில் மாட்டிவிடுவேன்.

பிறகு பச்சைக் கோட்டுக்காரர். வயதான வெள்ளைக்காரர், அவரிடமும் பைனாக்குலர். நாங்கள் போகும் ஞாயிறெல்லாம் நிற்பார். நாங்கள் குளத்துக்குப் போனால் குளத்தில், மேட்டில் ஏறினால் மேட்டில். எங்கள் விசா விசயம் அப்போது கோம் ஒபிஸில் முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. எனக்கு மூக்கில் வியர்த்தது.

"அந்தாள் கோம் ஒபிஸ் ஆள்" என்றேன்.

"கோம் ஒபிஸுக்கு வேறை வேலை இல்லை, நீங்கள் காகம் பாக்கிறதைப் பாக்க ஆள் அனுப்புது" என்றாள்.

கடைசியில் அவரே நேராக எங்களிடம் வந்தார். என் கை கோட்டுப் பையில் இருந்த கடவுச்சீட்டின் பிரதியைத் தடவியது. அவர் கேட்டது ஒரு பருந்தைப் பற்றி. எங்கேயாவது கண்டீர்களா என்றார். இல்லை என்றேன். நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். ஜாக்டோ என்றதும் அவருடைய முகத்தில் இவனுக்குப் பைத்தியமா என்ற கேள்வி வந்தது. அதைப் போய் யாராவது தேடுவார்களா, ரிச்மண்ட் பார்க்குக்குப் போங்கள், மானின் முதுகில்கூட ஏறி நிற்கும் என்று சொல்லிவிட்டுத் தன் பருந்தைத் தேடிப் போனார். நான் அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருட ஆடி அமாவாசை வேலைநாளில் வந்தது. லீவு போட்டேன். அவள் விடியவே எழும்பிக் குளித்துச் சமைத்தாள். சோற்றுப் பெட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு ஸ்ட்ராட்போர்ட்டில் ரயில் மாறி ரிச்மண்டுக்குப் போனோம். பெட்டியில் இருந்தவர்கள் பாவற்காய்க் கறியின் மணத்துக்கு மூக்கைச் சுளித்தார்கள். நான் அவர்களை முறைத்தேன்.

பச்சைக் கோட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. பெரிய ஓக் மரம் ஒன்றைச் சுற்றிச் சாம்பல் பிடரிகள் கூட்டமாக நடந்து திரிந்தன. அப்பால் இடுப்பளவு வளர்ந்த பன்னச் செடிகளுக்குள் மான்களின் கொம்புகள் தெரிந்தன. அவள் மரத்தடியில் வாழையிலையை விரித்து ஒவ்வொன்றாகப் படைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். நான் பத்தடி தள்ளி நின்று பைனாக்குலரைக் கண்ணில் வைத்தேன். அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் கிளம்பி மேலே போய்விட்டது.

நேரம் போனது. ஒரே ஒரு ஜாக்டோ மட்டும் தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்து, தலையைச் சரித்து, அந்த வெள்ளைக் கண் ஒன்றால் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. இந்தப் பார்வையை எனக்குத் தெரியும். படலைக்கு வெளியே நின்று வாங்கிய பார்வை.

இதற்கிடையில் பார்க் காவலாளி வந்துவிட்டார். இலையைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மான்களுக்குச் சாப்பாடு போடக்கூடாது என்று தெரியாதா என்றார். இது மானுக்கில்லை என்றேன். அப்படியானால் யாருக்கு? விறைத்த குரல். விசம் ஏதும் வைக்கிறோமோ என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து மணந்தும் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் அவள் தன் ஆங்கிலத்தில் சொன்னாள், இது என் அப்பாவுக்கு என்று.

அப்பா எங்கே என்று கேட்டார் அவர். அவள் கிளையைக் காட்டினாள்.

அந்த மனிதர் கொஞ்ச நேரம் கிளையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போகும்போது ஒரு பருக்கையும் விடாமல் எடுத்துப் போகவேண்டும் என்றார். நாலடி நடந்தவர் நின்று, உன்னுடைய கணவர் அப்படி உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும்வரை அது இறங்காது, அவை சரியான சந்தேகப் பிராணிகள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓம், நான்தான். போன வருடமும் நான்தான். அவள் விடியற்காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

"நான் அந்தப் பக்கம் போய் நிக்கிறன்" என்றேன். "அவர் வந்து சாப்பிடட்டும்."

திரும்பினேன். என் சேட்டின் பின்பக்கத்தை அவள் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதேங்கோ."

"நான் நிண்டால் வராது எண்டு அந்தாளும் சொல்லுது. நீர் எவ்வளவு நேரம் பட்டினி கிடக்கிறது?"

"போன வருசமும் நீங்கள் உள்ளுக்குப் போனாப் பிறகுதான் வந்து சாப்பிட்டது. நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்." அவள் அழத் தொடங்கியிருந்தாள். "அப்பா இப்பவும் உங்களை வெளியிலை நிப்பாட்டிப்போட்டுத்தான் சாப்பிடுவார் எண்டால், அந்தச் சோறு எனக்கு என்னெண்டு இறங்கும்? நீங்கள் பக்கத்திலை இருக்கேக்கை வந்து சாப்பிடட்டும். இல்லாட்டி எனக்கும் வேண்டாம்."

"அப்ப அந்த அண்டங்காகம்? சாம்பல் கழுத்து?"

"காகம் எண்டால் எல்லாம் காகம்தான்" என்றாள். "உங்களுக்கு நான் வேறை என்னத்தைச் சொல்லுறது?"

ஒரு வருடமாக நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடியது எதை என்று அப்போதுதான் விளங்கியது. அவள் எதையோ மறைக்கிறாள் என்று சந்தேகித்தேன். அது சரிதான். ஆனால் எனக்காக மறைத்தாள் என்று ஒருநாளும் தோன்றவில்லை. எனக்கு அவள் மேல் வந்த அன்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாமனார் மேல் கோபமும் வந்தது. செத்த பிறகும் இந்த மனிதருக்கு என்ன வீம்பு?

பைனாக்குலரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அவளுக்குப் பக்கத்தில், இலைக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்தேன். கிளையைப் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்தேன், என் சப்பாத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். ஒரு மான் பன்னத்தை விலக்கிக்கொண்டு வந்து, எங்களைக் கண்டு நின்று, மெல்லத் திரும்பிப் போனது. வெயில் சரிந்து நிழல் எங்கள் முழங்காலுக்கு வந்துவிட்டது.

சிறகு அடிக்கும் சத்தம் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. அவளுடைய விரல்கள் இறுகின. இலையின் அந்தக் கரையில் இரண்டு கறுத்த கால்கள் தெரிந்தன. ஒரு கால் முன்னே வந்தது. நின்றது. பிறகு மற்றக் காலும் வந்தது. சோற்றில் இரண்டு தரம் கொத்தியது. வடையை இழுத்து, காலால் அமத்திப் பிடித்து, நிதானமாகப் பிய்த்துத் தின்றது. எனக்கும் அதற்கும் இடையில் ஒரு முழத் தூரம்கூட இல்லை. நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது.

பாதி வடையை அப்படியே போட்டுவிட்டு அது எழும்பிப் போனது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பாதியை எடுத்தாள். என் பக்கம் நீட்டினாள்.

"அப்பா உங்களுக்கு மிச்சம் வைச்சிருக்கிறார்."

மூடியிருக்கும் பாலை நம்பாதவன் நான். காகம் கொத்திய வடை. மண் ஒட்டியிருந்தது. வாங்கி வாயில் போட்டேன். உப்பே இல்லை. படைக்குமுன் ருசி பார்க்கக்கூடாது என்று அவள் பார்க்காமல் சுட்டிருக்கிறாள்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றேன். "இனி நீர் சாப்பிடும்."