கல்லுக்குள் தெரிந்த வெள்ளைக் கோடு

என் தங்கை மகன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள நாத்தனார் செல்வியிடம் வைர மோதிரம் இரவல் வாங்கியிருந்தேன். சுத்தம் செய்து திருப்பித் தரலாமே என்று சாலை பஜாரில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன்.

அதிர்வினால் அழுக்கைக் கழற்றும் மெஷினில் போடுமுன் கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அக்கா, கல்லில ஒரு கீறல் உண்டல்லோ! எங்கயாவது இடிச்சீங்களா?" என்றார்.

நானும் பார்த்தேன். கல்லின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. மண்டபத்தில் கைகழுவும்போது குழாயில் மோதிரம் இடித்தது ஞாபகம் வந்தது. அங்கேயே நின்று செல்விக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"ஐயோ மதினி, அது வாங்கும்போதே உள்ளதுதான்! பத்து மடங்கு பெரிசாக் காட்டுற லென்ஸ்ல அந்தக் கோடு தெரிஞ்சதாலதான் சர்டிபிகேட்ல எஸ்.ஐ.ன்னு, சின்னக் குறை உள்ள கல்லுக்கான கிரேடு போட்டிருக்கு. கோடே இல்லாத கல்லுன்னா இன்னும் உசந்த கிரேடு" என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கடைக்காரர், "கோடு கல்லுக்கு வெளிய வரைக்கும் வந்திருக்கு அக்கா. மெஷின்ல போட்டிருந்தா அதிர்வுல விண்டுகூடப் போயிருக்கும்" என்றதும் மோதிரத்தைச் சுத்தம் செய்யாமலே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான் யாரிடமும் நகை இரவல் வாங்குவதில்லை. என் சின்ன மூக்குத்தியைக்கூட லென்ஸில் பார்த்த பிறகுதான் சுத்தம் செய்யவே கொடுக்கிறேன்.