சீசாவோடு வந்த தேசப்பன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தேசப்பனைத் தெரியாத லாரி டிரைவர் கிடையாது. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தெருத்தெருவாய்ப் பழைய இரும்பு பொறுக்கி, இன்றைக்கு ரெண்டு ஏக்கரில் யார்டு போட்டிருக்கிற ஆள். எவன் தயவும் இல்லாமல் வந்தவர். சாம்பிளைக் கண்ணால் பார்க்காமல் ஒரு கிலோ சரக்குக்கும் விலை பேசமாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுசனையும் கிட்னி சாய்த்துவிட்டது. ரெண்டு கிட்னியிலும் திராட்சைக் குலை மாதிரி நீர்க்கட்டிகள். பரம்பரை நோய். அப்பன் விட்டுப்போன ஒரே சொத்து அதுதான். திருப்பாச்சூர் பக்கம் நெல்லு விதைத்த அந்த அப்பன், சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவர். ஆனால் கட்டி பெருத்து வயிறு உப்பியதும், ஊரே கூடி ‘குடிச்சே கெட்டான்’ என்றது. அந்தக் கெட்ட பேரோடுதான் போய்ச் சேர்ந்தார். அதை நினைத்தால் தேசப்பனுக்கு இப்பவும் வயிறு எரியும்.

வாரம் மூணு நாள் டயாலிசிஸ். போன செவ்வாய்க்கிழமை காலையில் விலாவில் குத்துவலி. சிறுநீர் செக்கச்செவேல் என்று போனது.

“டாக்டருக்கு போன் போடட்டுமா நைனா?” என்றாள் மகள் இளமதி.

“போன்ல சொன்னா எவன் நம்புவான்?” ஒரு சீசாவில் பிடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

சென்டரில் அன்புராஜ் என்று ஒரு புது டெக்னீஷியன். ஹெபாரின் ஊசியும் கையுமாய் வந்தான். மெஷினுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க வழக்கமாய்ப் போடுகிற மருந்து.

“அத்தப் போடாதப்பா. ஒண்ணுக்குல ரத்தம் போவுது.”

அவன் சிரித்தான். “டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு யூரின் ஏது சார்? இந்த ரூம்ல ஒருத்தருக்கும் வராது.” பார்வை அவருடைய உப்பிய வயிற்றுக்கு இறங்கியது. “தண்ணி கிண்ணி போடுவீங்களா?”

தேசப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. சீசாவை எடுத்து டொக்கென்று மேஜைமேல் வைத்தார்.

“இந்தா சாம்பிள்! பாத்துட்டுப் பேசு. கட்டி நோய்க்காரனுக்கு ஒண்ணுக்கு வரும்டா. உள்ள கட்டி ஒடஞ்சி ரத்தம் ஓடிக்கினு கீது, அது நிக்காம இருக்க ஊசி போட வந்தியா? எனக்கு வாய்க்கரிசி போடவா வந்த? எங்கப்பனையும் இப்டித்தான் தொப்பையப் பாத்தே தீர்ப்பு சொன்னீங்க!”

நர்ஸ் மெர்சி ஓடி வந்தாள். சீசாவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். ஹெபாரின் கூடவே கூடாது, அதற்குப் பதில் அரைமணிக்கு ஒருதரம் சலைன் விட்டு மெஷினை ஓட்டுங்கள், முடிந்ததும் ஸ்கேன் என்றார் டாக்டர்.

ஸ்கேனில் தெரிந்தது: இடது பக்கம் கட்டி ஒன்று உடைந்து ரத்தம் கசிந்திருந்தது. ஊசி மட்டும் ஏறியிருந்தால் கதை வேறு.

“சாரி சார்” என்றான் அன்புராஜ், தலையைக் குனிந்துகொண்டு.

“உன் சாரிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? என் ஃபைல எடு. செவப்பு மையில எழுது. நாளைக்கு இன்னொருத்தன் வருவான் இல்ல?”

அவன் எழுதினான். தேசப்பன் ஃபைலை வாங்கி, எழுத்துக் கூட்டி, உரக்கவே படித்தார்: “பரம்பரை நீர்க்கட்டி. சிறுநீர் வரும். ரத்தம் போனால் ஹெபாரின் போடக்கூடாது.”

ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னும் ஒண்ணு பாக்கி. குடிப்பழக்கம் இல்லன்னு எழுது. எங்கப்பனுக்கும் இல்லன்னு சேத்து எழுது.”

“அப்பாவைப் பத்தி எழுத இதுல எடம் இல்ல சார்.”

“ஓரத்துல எழுதுடா!”

எழுதி முடிக்கிறவரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.