மாங்கூழ் ஆலையில் நான் விசில் வாசித்த ஆறு நிமிடம்

புத்தூர் வட்டாரத்துப் பெருமக்கள் அனைவரும் எழுந்து நிற்கவும்: சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் யாரும் எழுப்பாமலே காலை ஐந்தரைக்கு எழுந்தேன். இப்போது உட்காரலாம்.

காரணம் என் அக்கா ரேவதி. திருப்பதியில் ஆறு பேர் கொண்ட ஓர் இசைக்குழு இருக்கிறது. ஒத்திகை கிடையாது, தலைவர் கிடையாது. அந்த நொடியில் தோன்றுவதை எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். கூட்டு மனோதர்மமாம். கூட்டு என்றால் எனக்குப் பூசணிக்காய்தான் தெரியும். ஒரே விதி: இருமலோ லாரி ஹாரனோ, கூடத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் யாராவது அதற்குப் பதில் வாசிக்க வேண்டும்.

வயலின் வாசிக்கும் அக்காவை ஒருநாள் வந்து வாசித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். முதல் பாதியில் அவள் நின்றபடி வாசிக்க வேண்டும். சேர்த்துக்கொண்டோம் என்று வாயால் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. இடைவேளைக்குப் பின் ஏழாவது நாற்காலி இருந்தால் சேர்த்தாயிற்று. இல்லாவிட்டால் வயலினை மூடிவிட்டு பி.எட். படிப்பதாக நைனாவிடம் அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். துணைக்கு நான்.

புத்தூரில் 7.10க்கு சித்தூர் பஸ். கங்காதர நெல்லூர் வரை 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். எனக்கு 65 ரூபாய், பெண்களுக்கு இலவசம் என்பதால் அக்காவுக்கு சைபர். கண்டக்டர் வயலின் பெட்டியைத் தட்டி, "தீனிக்கி லக்கேஜ் டிக்கெட் தீஸ்கோவாலி" என்றார். பெட்டிக்கும் டிக்கெட் எடுக்கணுமாம்.

"அண்ணா, உள்ள கீறதும் லேடீஸ்தான்."

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "வாய மூடிக்கினு வாடா. அங்க வந்து எதனா பண்ண, அவ்ளோதான்."

பஸ் ஸ்டாண்டில் பத்து ரூபாய்க்கு வாங்கிய விசில் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது.

அங்கிருந்து கச்சேரி நடக்கும் ஆலைக்கு ஆட்டோ, 3 கிலோமீட்டர், 60 ரூபாய்.

"சீசன் இல்லியே, பேக்டரில இன்னா வேலை?" என்றார் ஆட்டோக்காரர்.

"கச்சேரிண்ணா."

"யாருக்கு, மாங்கொட்டைக்கா?"

மாங்கூழ் ஆலையின் காலிக் கொட்டகை. சுவரோரம் நீல டிரம்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முப்பது பேர் வந்திருந்தார்கள். பத்தரைக்கு ஆரம்பித்தார்கள். சாக்ஸபோன், தவில், பாஸ் கிடார் எல்லாம் இருந்தன. ஒருவர் தகரத்தின் மேல் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா பயந்து பயந்து வில்லை இழுத்தாள். இருபது நிமிடம் ஆகியும் அவள் வாசிப்பது யாருக்கும் கேட்கவில்லை. பி.எட். ஏறக்குறைய உறுதி.

நான் டிரம்களுக்குப் பின்னால் போய் விசிலை ஊதினேன்.

ஆறு பேரும் நிறுத்தினார்கள். பிறகு ஆறு நிமிடம் அந்த விசில் கொட்டகையை விட்டுப் போகவில்லை. நீண்டது, உடைந்தது, கீச்சிட்டது. தவில் அதைத் துரத்தியது, சாக்ஸபோன் அதற்கு வழிவிட்டது. முடிந்ததும் நல்ல கைதட்டல்.

இடைவேளையில் டீ கொடுத்தார்கள், அக்கா குடிக்கவில்லை. உள்ளே போனால் ஏழு நாற்காலிகள். இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்ததே என் விசில்தான் என்று பள்ளியில் ஐந்து நாளாகச் சொல்லிவருகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள், அருகில் கடை இல்லை. தகரத்துக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். திரும்ப 1.40க்கு பஸ், விட்டால் மூன்று மணிக்குத்தான்.

இதை அக்காவும் படிப்பாள் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஊதியது ஒரே ஒரு முறை. ஆறு பேரும் டிரம் பக்கம் திரும்பியதும் எனக்கு மூச்சே வரவில்லை. குனிந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த அமைதியில் முதலில் பதில் கொடுத்தது அக்காவின் வயலின், அச்சு அசலாக அதே விசில். ஆறு நிமிடமும் கேட்டது அவள் வாசித்ததுதான்.

திரும்பும் பஸ்ஸில், "இன்னா வித்துவான், பயந்துக்கினியா?" என்றாள்.

"இல்லக்கா" என்றேன். அதற்கும் சத்தம் சரியாக வரவில்லை.