ஃபோல்டரை ஃபைல் என்று சொன்ன புரோகிராம்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை கல்யாணம் என்றால் தாம்பரத்திலிருந்து என் கேமராதான் போகிறது. என்னை யாரும் தூக்கிவிடவில்லை. கீழே இழுக்கப் பார்த்தவன் ஒருவன் உண்டு, என் மனைவியின் தம்பி.

என் ஸ்டுடியோவில் தொழில் கற்றவன்தான். கடைப் படங்கள் இருக்கும் இரண்டு டிஸ்க்கையும் ஒரே டிஸ்க்காகக் காட்டும் புரோகிராமை எங்கிருந்தோ எடுத்து, தன் இஷ்டத்துக்கு மாற்றிப் போட்டிருந்தான். தனிக்கடை வைக்கப் போகுமுன் அதில் ஏதோ புதிதாக மாற்றிவிட்டுப் போனான். அடுத்த வாரமே ஒரு பள்ளிக்கரணைக் கல்யாணத்தின் படங்கள் ஆல்பம் போடும் கம்ப்யூட்டருக்குக் காப்பி ஆகவில்லை. பெண்ணின் அப்பா கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் வெளியே போனதும் மச்சான் அவரை வழியில் மடக்கியிருக்கிறான். "மாமாக்கு படிப்பு கம்மி சார். எதையோ அமுக்கி அழிச்சிட்டாரு." இதையே இன்னும் பல வாடிக்கையாளர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நான் டிஸ்க்கைக் கழற்றி, அந்தப் புரோகிராம் இல்லாமல் நேராக மாட்டினேன். படங்கள் அத்தனையும் இருந்தன. வேறொருவர் என்றால் அதோடு விட்டிருப்பார். எனக்குப் படம் போதாது, அவன் வேண்டும்.

மறுபடி அவன் புரோகிராம் வழியாகவே பார்த்தேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மொத்தமாகக் கேட்டால், எல்லாமே ஃபைல் என்றது. அதே ஃபோல்டரைப் பெயர் சொல்லித் தனியாகக் கேட்டால், ஃபோல்டர் என்று ஒழுங்காகச் சொன்னது. காப்பி எடுக்கும் புரோகிராம் மொத்தப் பட்டியலை நம்பி, ஃபோல்டருக்குள் இறங்காமலே திரும்பியிருக்கிறது. அவன் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பட்டியல் கொடுக்கும் இடத்தில், எது என்ன என்று பார்க்காமல், எல்லாவற்றுக்கும் ஃபைல் என்றே போட்டிருந்தான். ஒரே வரி. நகல் எடுத்து அதில் மட்டும் திருத்தினேன். அவன் போட்டதைத் தொடவில்லை.

பெண்ணின் அப்பாவையும் அவனையும் ஒன்றாக வரவழைத்தேன். "நீயே தட்டு மச்சான்" என்றேன். அவன் புரோகிராமில் அவன் கையாலேயே காப்பி எடுத்தான். ஒரு படம்கூட வரவில்லை. என்னுடையதில் எடுத்தான். மணமேடையிலிருந்து பந்தி வரை எல்லாம் வந்தது.

"மாமா அழிச்சிட்டார்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். அவன் முகத்தை நான் நிதானமாக ரசித்தேன்.

அவர் போனதும் வாயைத் திறந்தான். "மாமா, என் கடைலயும் இதான் ஓடினு கீது. எந்த வரின்னு சொல்லு."

"சொல்றேன். என்னைப் பத்தி யார் யார்கிட்ட இன்னா சொன்னியோ, அவங்க வூட்டுக்கெல்லாம் போ. தப்பு உன்னோடதுன்னு சொல்லு. அவங்க எனக்கு போன் பண்ணணும்."

ஒவ்வொருவராகப் போன் செய்கிறார்கள். பெரும்பாக்கத்துக்காரர் மட்டும் பாக்கி. பெரிய வாயாடி, அவரிடம் போகத்தான் இவனுக்குக் கூச்சம். தம்பியை இப்படி அலையவிடுகிறேன் என்று என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் போகிறாள். போகட்டும். பெரும்பாக்கத்திலிருந்து போன் வராமல் அந்த வரியை நான் சொல்லப்போவதில்லை.