பொட்டு வைத்த ஹெலிகாப்டர்

பானுப்ரியாவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்று கூட வேலை பார்த்த பைலட்டுகள் சொல்வார்கள். எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஹெலிகாப்டரைக்கூட, ஏறுமுன் தானே ஒருமுறை சுற்றி வந்து தொட்டுப் பார்ப்பாள். டீ குடிக்கப் போய்த் திரும்பினாலும் மறுபடி சுற்றுவாள். பிரதட்சிணம் முடிந்ததா என்று கேலி செய்வார்கள். மேலே போன பிறகு எஞ்சினியரா கூட வரப் போகிறார் என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குச் சுற்றுவாள். இந்தப் பழக்கத்தால் ஒரு வேலையே போனது. அப்படியும் விடவில்லை. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போடும் ஆண்டிச்சாமியின் மகளுக்கு வாய்க்கொழுப்பும் பிடிவாதமும் கொஞ்சநஞ்சமில்லை.

போன தை மாதம் சொந்த ஊர்க் காளியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். வானத்திலிருந்து பூத் தூவ ஹெலிகாப்டர் பேசியிருந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைதான் ஓட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கியவரே கமிட்டித் தலைவர் அய்யனார்தான். பொட்டைப்பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று ஒரு காலத்தில் கேட்ட ஊர் அது. அத்தனை பேர் தலைக்கு மேலும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற ஆசை பானுவுக்குப் பதினைந்து வருஷமாக இருந்தது. அம்மா மூக்காயி மூன்று மணிக்கே எழுந்து உதிரிப்பூ பறித்து அனுப்பியிருந்தாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஹெலிகாப்டர் நின்றது. எஞ்சினியர் பிராங்க்ளின் காலை ஏழு மணிக்கே எல்லாவற்றையும் பார்த்துப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்பது மணிக்கு இரண்டு பேரையும் கோயில் மரியாதைக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது வண்டி மணக்க மணக்க நின்றது. கமிட்டி ஆள் அழகர் முன்னால் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, கண்ட இடமெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பானு தன் வழக்கப்படி சுற்றினாள். பக்கவாட்டில் வந்ததும் நின்றுவிட்டாள். அங்கே குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே போனால்தான் உயரம் காட்டும் முள்ளும் வேகம் காட்டும் முள்ளும் சரியாக நகரும். யாரும் அதை அடைத்துவிடக் கூடாது என்றே சுற்றிலும் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. அழகருக்கு அது பொட்டு வைக்கவென்றே விட்ட இடமாகத் தெரிந்திருக்கிறது. வட்டத்துக்குள் அச்சடித்த மாதிரி சந்தனம் அப்பியிருந்தான். மறுபக்கத் துளைக்கும் குறை வைக்கவில்லை.

பிராங்க்ளின் குனிந்து இரண்டு துளையையும் பார்த்தார். வெளியே துடைத்துவிடலாம், உள்ளே குழாயில் எவ்வளவு போயிருக்கிறது என்பதைக் கருவி வைத்துத்தான் பார்க்க முடியும், கருவி சென்னையில் இருக்கிறது என்றார்.

“அப்ப பறக்கல,” என்றாள் பானு.

முகூர்த்தம் பத்து இருபதுக்கு. அய்யனார் ஓடி வந்தார். எஞ்சினியர்தான் கையெழுத்துப் போட்டாரே என்றார். கையெழுத்து ஏழு மணிக்கு, சந்தனம் ஒன்பது மணிக்கு என்றாள். கம்பெனி முதலாளி போனில் வந்தார். தெளிந்த வானம், தாழப் பறந்தால் முள்ளைப் பார்க்கவே வேண்டாம் என்றார். அது நடக்காதென்று தெரிந்ததும் இறங்கி வந்து, சரி பறக்காதே, ஆனால் வண்டியின் பழுது எழுதும் புத்தகத்தில் எழுதிவிடாதே என்று கெஞ்சினார். எழுதிவிட்டால் எஞ்சினியர் சரிபார்த்து மறுபடி கையெழுத்துப் போடும்வரை எந்தப் பைலட்டும் அதைக் கிளப்ப முடியாது. அவள் புத்தகத்தை வண்டி மேலேயே வைத்து எழுதினாள். நேரம் போட்டு, பெயரும் போட்டாள்.

அய்யனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

“சாமி காரியம் தாயி. நானே கூட வாரேன். செத்தா சேந்து சாவோம்.”

“நீங்க சம்மதிச்சிட்டீங்க பெரியப்பா. கீழ அம்புட்டு சனம் நிக்கிதே, அதுகிட்டக் கேட்டீங்களா?”

அவர் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். முகூர்த்தம் தவறக்கூடாது என்று இளவட்டங்கள் பூக்கூடைகளைத் தூக்கிக்கொண்டு கோபுரச் சாரத்தில் ஏறினார்கள். கும்பத்தில் தண்ணீர் விழுந்தபோது அய்யனார் ஹெலிகாப்டருக்குள் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். பானுதான் கழற்றிவிட்டாள். அவளுக்கு அழுகை முட்டியது. ஊர் பார்க்க அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மூக்காயி அன்று மகளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் கருவி வந்தது. பிராங்க்ளின் அரைநாள் சோதித்தார். குழாய் சுத்தமாக இருந்தது. சந்தனம் உள்ளே போகவே இல்லை.

செய்தி டீக்கடைக்குப் போய் அய்யனாரோடு திரும்பி வந்தது. பின்னால் பாதி ஊர் நின்றது. கமிட்டியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த மாதம் வேலை என்று முதலாளியும் சொல்லியனுப்பியிருந்தார்.

“ஒண்ணுமே இல்லையாம்ல தாயி,” என்றார் அய்யனார்.

“ஒண்ணுமில்லன்னு இன்னைக்குத் தெரியிது. அன்னைக்கு யாருக்குத் தெரியும்? மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன் பெரியப்பா. நாளைக்கே மறுபடி பொட்டு வையுங்க, மறுபடி நிறுத்துவேன்.”

அவள் எழுதியதற்குக் கீழே பிராங்க்ளின் புதுக் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை நீட்டினார். பானு வாங்கிப் படித்தாள். பிறகு ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, நிதானமாக வண்டியைச் சுற்ற ஆரம்பித்தாள்.