மூப்பரை விசாரிக்க ஆளில்லை

வாசலில் நின்று இரண்டு முறை இருமிய பிறகுதான் யாப்பேத் மூப்பர் வீட்டாரைப் பெயர் சொல்லி அழைப்பார். இருமலுக்கும் அழைப்புக்கும் இடையே ஏறத்தாழ இருபது விநாடி. அதற்குள் சோளக்கள் பானை கட்டிலுக்கடியில் போய்விடும். வேதப்புத்தகம் மேசைக்கு வந்துவிடும். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் இருமுகிறார்.

சபையின் மூப்பர்களில் ஒருவர், வயது அறுபத்தேழு. ம்சிம்பா ஊருக்குப் போகும் சாலை வளைவில், மாமரத்தடியில் சைக்கிள் பழுது பார்க்கிறார். ஆண்டுக்கு நான்கு தடவை, தேவாலயத்தில் திருவிருந்து நடக்கும் ஞாயிறுக்கு முந்தைய வாரம் கடையைச் சாத்திவிட்டுத் தம் பகுதியின் இருபத்துமூன்று வீடுகளுக்கும் போவார். சைக்கிளை உருட்டிக்கொண்டே நடப்பார். "ஏறி மிதிச்சா எவன் நிறுத்திப் பேசுவான்?" என்பார்.

எல்லா வீட்டிலும் கேள்வி ஒன்றுதான். "கர்த்தரோட எப்படி இருக்கீங்க?" பதிலைக் கேட்டு, ஜெபித்து, பெயர் எழுதிய சீட்டைக் கொடுப்பார். சீட்டு இருந்தால்தான் ஞாயிறன்று அப்பமும் திராட்சரசமும். "நல்லா இருக்கேன் மூப்பரே" என்பார்கள் பெரும்பாலோர். தச்சன் ஒருவன் மட்டும், "அவரு நல்லாத்தான் இருக்காரு, எனக்குத்தான் முதுகுவலி" என்றான். அன்று மூப்பர் சிரித்தார். அவர் சிரித்ததை அந்தப் பகுதியில் இன்றும் சொல்கிறார்கள்.

மூப்பரின் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. மனைவி எஸ்னாத் இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் திரும்பியதும், களி கிளறும் கையை நிறுத்தாமலே கேட்பாள்: "என்ன பெரிய மனுஷா, நீ எப்படி இருக்க கர்த்தரோட?" அவர் உள்ளதைச் சொல்வார். அதன் பிறகே தமக்கான சீட்டை எழுதுவார். அவள் இறந்து நான்கு ஆண்டு, இரண்டு மாதம்.

அதற்குப் பின் பதினாறு திருவிருந்துகள். பதினாறுக்கும், எவரும் கேட்காமலே, தம் சீட்டைத் தாமே எழுதிக்கொண்டார். ஜெபம் தகரக் கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது என்பதை அவர் வெளியில் சொன்னதில்லை. "என் வீட்டுக்கு யாரு போதகரே வருவா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். போதகர் சிரித்தார். "உங்க பகுதிக்கு நீங்கதானே மூப்பர்! உங்களைப் போய் விசாரிக்கணுமாக்கும்?" சென்ற தடவை தம் வீட்டு வாசலிலேயே நின்று இரண்டு முறை இருமினார். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, இஞ்சி வேண்டுமா என்றாள்.

இந்தத் தடவை, யாராவது கேட்டால் ஒழியத் தமக்குச் சீட்டு எழுதுவதில்லை, பந்தியிலும் உட்காருவதில்லை என்று தீர்மானித்திருந்தார். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இருபத்திரண்டு வீடுகள் முடிந்திருந்தன. யாரும் கேட்கவில்லை.

கடைசி வீடு நியாகோண்ட்வே என்ற கிழவியுடையது. கள் காய்ச்சி விற்கிறாள் என்று சபை அவளை மூன்று ஆண்டாகத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. சீட்டுக் கிடையாது. ஆனால் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மூப்பர் போவார். முற்றத்தில் பாய் போட்டு நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"இருமாதீங்க மூப்பரே. பானை வெளியதான் இருக்கு. குனிஞ்சு ஒளிக்க இடுப்புக்குச் சக்தி இல்ல."

அவர் பாயின் ஓரத்தில் அமர்ந்தார். "கர்த்தரோட எப்படி இருக்கீங்க அக்கா?"

"சண்டை. நான் திட்டுறேன், அவரு கேட்டுக்கிட்டு இருக்காரு." ஒரு கடலையை உடைத்தாள். "நீங்க எப்படி?"

வேறு யாரையோ கேட்கிறாள் என்று மூப்பர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத்தான். ஊரையெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியறீங்களே."

"நான் பேசுறது கேக்குதான்னே தெரியல அக்கா. எஸ்னாத் போனதிலேருந்து ஆளில்லாத வீட்டுல பேசுற மாதிரி இருக்கு." பாயில் கிடந்த கடலைத் தோல் ஒன்றை எடுத்து நொறுக்கினார். "அலுத்துப் போச்சு."

"கண்ணை மூடுங்க" என்றாள். கையில் ஒட்டிய தோலைத் தட்டிவிட்டு, பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவது போல ஆரம்பித்தாள்: "அப்பா, இந்த மனுஷன் ரொம்ப நடந்துட்டாரு. இவருகிட்ட ஏதாவது பேசும். நம்ம சண்டையை நாளைக்கு வச்சுக்கலாம். ஆமென்."

ஆமென் சொல்லி முடித்தும் மூப்பர் கண்ணைத் திறக்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு கோழி பாயில் ஏறி, உடைத்து வைத்த பருப்பைக் கொத்த ஆரம்பித்தது. நியாகோண்ட்வே அதை விரட்டக் கையை ஓங்கினாள். பிறகு மூப்பரைப் பார்த்தாள். ஓங்கிய கையைச் சத்தமில்லாமல் மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, கோழி தின்பதைப் பார்த்தபடி இருந்தாள்.