ஒரு சாண் வரப்பு

அய்யாவுக்கு மறதி என்பதே கிடையாது. நல்லது செய்தவனைக்கூட ஒருவேளை மறப்பார். தன்னைக் குனிய வைத்தவனை மட்டும் மறக்கவே மாட்டார். ஊர், கீழ்வேளூருக்குத் தெற்கே வாய்க்கால்களுக்கு நடுவே கிடக்கிறது. பெயர் எதற்கு? பெரிய தெருக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். வரட்டுமே! நடந்தது நடந்ததுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஆட்சி மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்திருந்தது. கூலி கேட்டுக் கொடி பிடித்தவர்கள் ஜெயிலுக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். சட்டமெல்லாம் தாலுக்கா கச்சேரி வரைக்கும் ஜோராக வந்துவிட்டது. பெரிய தெருவுக்குள் மட்டும் நுழையவில்லை. அந்தத் தெருவில் சேரி ஆள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ரோட்டுக்குப் போக அதை விட்டால் வேறு வழியும் இல்லை.

அய்யாவு, மிராசுதார் பஞ்சநாதனின் வயல்களில் வேலை பார்த்தவர். மகள் சுந்தரி கீழ்வேளூர்ப் பள்ளியில் ஆறாவது படித்தாள். சேரியிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பெண் அவள்தான். நடந்து நடந்து பிள்ளையின் காலெல்லாம் கொப்புளம். அய்யாவு நாகூர் கந்தூரிக் கூட்டத்தில் மூட்டை தூக்கி, அங்கே கமருன்னிஸா என்ற அம்மாளிடம் அவருடைய காலஞ்சென்ற கணவரின் சைக்கிளை வாங்கி வந்தார். பெல், பூட்டு, கேரியர் எல்லாம் இருந்தது. சுந்தரி அதைத் துடைத்த துடைப்பில் பெயிண்டே போயிருக்கும்.

ஒரு நாள் காலை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது, பிள்ளை பின்னால் உட்கார்ந்து அவசரப்படுத்துகிறது. அய்யாவு தெருவில் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. காரியஸ்தர் நடராசன் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பஞ்சநாதன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“உருட்டத் தெரியாதவன் தூக்கிட்டுப் போவட்டும்” என்றார்.

“தலையில வைடா” என்றார் நடராசன். “தெருக்கோடி வரைக்கும் கீழ எறக்கக் கூடாது.”

சுற்றி நாலு தடியர்கள். அய்யாவு வைத்தார். செயின் எண்ணெய் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. சுந்தரி புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பின்னாலேயே நடந்தாள். தெருக்கோடியில் சைக்கிளை இறக்கியதும் அவள் சொன்னாள், “அப்பா, நான் இனிமே பள்ளிக்கூடம் போவல.”

“போவ” என்றார் அய்யாவு. “சைக்கிள்லதான் போவ.”

தன் தலையில் ஏற்றியதைக்கூட ஒருவேளை விட்டிருப்பார். பிள்ளையைக் குனிய வைத்தார்களே, அதை எப்படி விடுவது? அதற்குப் பதில் செய்யாமல் சாவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டார்.

மறுநாள் தெருவுக்கே போகவில்லை. சேரியிலிருந்து வரப்பில் இறக்கினார் சைக்கிளை. வயல் வரப்பில் சைக்கிள் விடுவது லேசுப்பட்ட காரியமா? ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் தண்ணீர். நடுவில் மடை வரும், எகிறித் தாண்டவேண்டும். மாடு மிதித்த குழி வரும், நண்டு வளை வரும். வேகத்தைக் குறைத்தால் விழுவாய், கூட்டினாலும் விழுவாய். முதல் வாரம் அப்பனும் மகளும் சேற்றில் உருளாத நாளில்லை. பிறகு பழகிவிட்டது. பஞ்சநாதனின் வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், வாய்க்கால் கரையில் ஏறி, மதகைத் தாண்டினால் கீழ்வேளூர் ரோடு. கோடையில் சுந்தரி அந்த வரப்பிலேயே குரங்குப் பெடல் போடக் கற்றுக்கொண்டாள்.

அதைப் பார்த்துச் சேரி இளவட்டங்களும் பழைய சைக்கிள்களோடு இறங்கினார்கள். காலையில் பஞ்சநாதன் வயல் பார்க்க வந்தால் நாலா பக்கமும் ஒரே பெல் சத்தம். மனிதருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. வரப்பில் நடக்காதே என்று சொல்ல முடியாது. நடந்தால்தானே அவருக்கே வேலை நடக்கும்! யோசித்து யோசித்து, ஆவணியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கங்களைச் செதுக்கிச் சீர்செய்வது வழக்கம். அண்டை வெட்டுவது என்பார்கள். அய்யாவையும் மற்றவர்களையும் நிறுத்திவைத்துப் பஞ்சநாதன் சொன்னார்:

“இந்த வருஷம் எல்லா வரப்பும் ஒரு சாண் அகலந்தான் இருக்கணும். வரப்பு விவசாயத்துக்கு. சவாரிக்கு இல்ல.”

இளவட்டங்கள் மண்வெட்டியைக் கீழே போடப் போனார்கள். அய்யாவு தடுத்தார். “வெட்டுவோம். அவரு சொன்ன அளவுக்கு வெட்டுவோம். சொல்லாத எதையும் செய்ய வேணாம்.”

சொல்லாதது என்றால் என்ன? பள்ளத்து வயலில் தண்ணீர் முட்டும் பக்கம் வரப்பைத் தடியாக விடுவார்கள். நண்டு வளையைக் களிமண் வைத்து மிதிப்பார்கள். செதுக்கிய இடத்தில் புதுச் சேறு அப்புவார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை, காலங்காலமாகத் தாமாகவே செய்ததுதான். அந்த வருஷம் ஒருவரும் செய்யவில்லை. ஒவ்வொரு வரப்பையும் கையை விரித்துச் சாண் பிடித்துப் பார்த்து வெட்டினார் அய்யாவு. நடராசன் வந்து பார்த்துவிட்டு, “பலே!” என்று பாராட்டிவிட்டு வேறு போனார். சைக்கிள்கள் நின்றன. சுந்தரி பழையபடி நடந்தாள். அய்யாவு பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மேட்டு வயல் தண்ணீர் நண்டு வளைக்குள் புகுந்து, ஒரு சாண் வரப்பைத் தள்ளிக்கொண்டு பள்ளத்து வயலில் விழுந்தது. ஒன்று உடைந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது. மழை கொஞ்சம் விட்டபோது, பஞ்சநாதனின் நிலத்தில் வரப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஏரி. பாதி நாற்று மிதந்தது.

அய்யாவின் மனைவி ராமாயி அடுப்படியிலிருந்தே கத்தினாள். “நெல்லு போனா நம்ம கூலியும்தான போச்சு? அவன் வயித்துல அடிக்கிறேன்னு புள்ள வயித்துலயும் அடிச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?”

“பசி நமக்குப் பழசு” என்றார் அய்யாவு. “நட்டம் அவருக்குப் புதுசு. கொஞ்சம் பாக்கட்டும்.”

அவள் சொன்னதும் நியாயம்தான். அந்தத் தை மாதம் சேரியில் பல வீடுகளில் ஒருவேளைக் கஞ்சிதான். அப்படி ஆகும் என்று அய்யாவுக்கும் தெரியும்.

அடுத்த மழைக்குள் வரப்பை எழுப்பினால் மீதி நாற்றாவது பிழைக்கும். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவர வழியில்லை, எல்லா ஊரிலும் அதே மழை. பஞ்சநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடராசனோடு சேற்றில் வந்து நின்றார். எதிரே மண்வெட்டிகளோடு சேரி ஆட்கள். பள்ளிக்கூடம் மழைக்கு விடுமுறை, சுந்தரியும் அப்பாவோடு வந்திருந்தாள்.

“எவ்வளவு அகலம் வைக்கணுங்க?” என்று கேட்டார் அய்யாவு.

“வழக்கம்போல வைடா.”

“வழக்கத்த நீங்கதான மாத்துனீங்க? இந்தத் தடவையும் உங்க வாயால அளவு சொல்லுங்க.”

“மூணு சாண் வை.”

“உங்க சாணா எங்க சாணான்னு அப்புறம் பேச்சு வருங்க. எது போற அகலம்னு சொல்லிடுங்க.”

பஞ்சநாதனுக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. முணுமுணுத்தார், “சைக்கிள் போற அகலம்.”

“எல்லாருக்கும் கேக்கணுங்க.”

“சைக்கிள் போற அகலம் வைங்கய்யா!” என்று கத்தினார் மிராசுதார்.

“சரிங்க. அப்ப அளவு பாக்கச் சைக்கிள் வேணும். வரப்பு வெட்டுன நாள்லேர்ந்து ரோட்டோரம் டீக்கடையிலதான் நிக்கிது. காரியஸ்தர் எடுத்தாரட்டும். சுந்தரி, கூடப் போயி எதுன்னு காட்டும்மா.”

“பூட்டியிருக்குமே, சாவி?” என்றார் நடராசன்.

“சாவி தண்ணியில போயிருச்சுங்க. உருட்ட முடியாது. தூக்கிட்டுத்தான் வரணும்.”

நடராசன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேகத்தைப் பார்த்தார். “போய்யா” என்றார்.

சைக்கிள் பெரிய தெரு வழியாகத்தான் வந்தது, நடராசன் தலைமேல். தெருவே மறுபடியும் வாசலுக்கு வந்து பார்த்தது. வயலில் இறங்கியபோது அவர் நெற்றியில் செயின் எண்ணெய் கோடாக வழிந்திருந்தது. மேட்டு வயலிலேயே இறக்கப் பார்த்தார்.

“கீழ எறக்கக் கூடாது” என்றார் அய்யாவு. “வயக்கோடி வரைக்கும் வரணும்.”

முழங்கால் சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து நடராசன் நடந்தார். சுந்தரி பின்னால் வந்தாள், கையை வீசிக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு. கடைசி வயலில் சைக்கிள் இறங்கியதும், அய்யாவு தன் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். பஞ்சநாதன் பார்க்கத்தான் அவிழ்த்தார்.

“இந்தாம்மா” என்று மகளிடம் கொடுத்தார். “பள்ளிக்கூடம் தெறந்ததும் தெரு வழியாவே போ. எறங்காத.”